ஒரு நீதிபதி நாற்காலிக்கு ஏன் இத்தனை கோடி டாலர்?

2013 மே 23 அன்று அமெரிக்க செனட் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஸ்ரீ ஸ்ரீநிவாசனை நீதிபதியாக ஏற்கலாமா என்பதுதான் கேள்வி. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்தில். ஆதரவாக 97 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், அதே நீதிமன்றத்தில் காலியாக இருந்த இன்னும் மூன்று இடங்களுக்காக செனட்டில் பெரும் சண்டை மூண்டது. அந்தச் சண்டையில் சபையின் நீண்டகால வாக்கு விதியே உடைந்தது. ஸ்ரீநிவாசன் வந்து அமர்ந்தபோது அந்த நீதிமன்றத்தில் முழுநேர நீதிபதிகள் எட்டுப் பேர். நான்கு பேர் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள், நான்கு பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். தராசு முள் நடுவில் நின்றது. அடுத்து வரும் மூவர் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் தட்டு இறங்கிவிடும். அரசுத் துறைகள் போடும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துத் தொடுக்கப்படும் பெரிய வழக்குகள் பலவும் அங்கேதான் போகின்றன என்பதால் இரு கட்சிகளும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அமெரிக்கச் செய்திகளில் நீதிபதி நியமனம் என்றாலே ஏன் இவ்வளவு கூச்சல் என்று பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொரு கேள்வி. தேர்தலே இல்லாத ஒரு பதவிக்குள் தேர்தல் பணம் எப்படி நுழைந்தது? இரண்டையும் அடியிலிருந்து பார்ப்போம்.

நாற்காலியின் மதிப்பு

இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. அவரைத் தேர்ந்தெடுப்பதிலும் மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியத்தின் சொல்லே முன்நிற்கிறது. அமெரிக்காவில் இரண்டுமே வேறு. மத்திய நீதிமன்றங்களுக்கான நீதிபதியின் பெயரை அதிபர் முன்மொழிவார். செனட்டின் நீதித்துறைக் குழு அவரை அழைத்து, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் கேள்வி கேட்கும். பிறகு 100 பேர் கொண்ட செனட் வாக்களிக்கும். தேறிவிட்டால் பதவி ஆயுள் முழுக்க. தானாக விலகினால், இறந்தால், அல்லது நாடாளுமன்றம் பதவிநீக்கம் செய்தால்தான் இடம் காலியாகும். பதவிநீக்கம் மிக அரிது.

கிளாரன்ஸ் தாமஸ் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 43. அவரை நியமித்த மூத்த புஷ் 1993 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கிவிட்டார். தாமஸ் அதன் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பு எழுதிவருகிறார். ஓர் அதிபரின் கை அவர் போன பிறகும் நீள்வது இந்த ஒரு வழியில்தான்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவது மிகக் கடினம். பொதுவாக இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்க வேண்டும். எனவே அந்தச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் சொல்லும் பொருள்தான் பெரும்பாலும் கடைசி வார்த்தை. 1869 முதல் அங்கே ஒன்பது இடங்கள். ஐந்து பேர் ஒரு பக்கம் சேர்ந்தால் போதும். கருக்கலைப்பு உரிமை 1973-இல் வந்ததும் அந்த நீதிமன்றத்தால், 2022-இல் போனதும் அந்த நீதிமன்றத்தால். இடையில் அரசமைப்பில் அதைப் பற்றி ஓர் எழுத்துகூட மாறவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் மாறியிருந்தார்கள்.

98-0 என்ற காலம்

முன்பெல்லாம் சண்டையே இல்லை என்று சொன்னால் அது பொய். 1916-இல் லூயிஸ் பிராண்டைஸ் முன்மொழியப்பட்டபோது நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். ஆனாலும் கட்சி எல்லையைத் தாண்டி வாக்களிப்பது அண்மைக்காலம் வரை இயல்பாக இருந்தது. கடும் பழமைவாதியான ஆண்டனின் ஸ்கலியா 1986-இல் 98-0 என்று தேறினார். பெண்ணுரிமை வழக்கறிஞராகப் பெயர் பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1993-இல் 96-3. இருவரும் பல பெரிய வழக்குகளில் எதிரெதிராக நின்றவர்கள். இரண்டு கட்சிகளும் இருவரையும் ஏற்றன. 2020-இல் ஏமி கோனி பேரட் 52-48. 2022-இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 53-47. இந்த நான்கு எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

திருப்பம் எங்கே என்று கேட்டால் பலரும் 1987-ஐக் காட்டுவார்கள். அதிபர் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை செனட் 58-42 என்று நிராகரித்தது. எதிர்ப்பின் மையம் அவருடைய சட்ட அறிவு அல்ல. அவருடைய கருத்துகள் ஆபத்தானவை என்பதே எதிர்ப்பு. அன்று புதிதாக நடந்தது அந்த எதிர்ப்பு நடத்தப்பட்ட விதம். ஒரு தேர்தல் வேட்பாளரை எதிர்ப்பதைப் போல அமைப்புகள் திரண்டன. நடிகர் கிரிகரி பெக் குரலில் தொலைக்காட்சி விளம்பரம் ஓடியது. விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு ஆதரவாளர் பட்டியல் வேண்டும். அந்த நியமனம் முடிந்த பிறகும் பட்டியல் கையில் இருக்கும். நியமனச் சண்டையும் நிதி திரட்டலும் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

60 எப்படி 51 ஆனது

செனட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு தீர்மானத்தின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் விவாதம் முடியாது, வாக்கெடுப்பும் வராது. இப்படி இழுத்தடிப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 51 பேரின் ஆதரவு இருந்தாலும் எதிர்க்கட்சியில் சிலரையாவது இணங்க வைக்காமல் வெல்ல முடியாது. அதனால் இரு தரப்பும் தாங்கிக்கொள்ளக்கூடிய பெயர்களையே அதிபர்கள் தேட வேண்டியிருந்தது.

இளைய புஷ் காலத்தில் மிகெல் எஸ்ட்ராடா உள்ளிட்ட சிலரை ஜனநாயகக் கட்சியினர் இந்த வழியில் தடுத்தார்கள். எஸ்ட்ராடா 2003-இல் தானே விலகிக்கொண்டார். ஒபாமா காலத்தில் குடியரசுக் கட்சியினர் அதையே இன்னும் அதிகமாகச் செய்தார்கள். அந்த நீதிமன்றத்தில் வேலை குறைவு, அதற்கு மேலும் நீதிபதிகள் தேவையில்லை என்பது வாஷிங்டன் நீதிமன்றத்தின் மூன்று இடங்களைப் பற்றி அவர்கள் சொன்ன காரணம். 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட், உச்ச நீதிமன்றம் தவிர்த்த எல்லா நியமனங்களுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 52-48 வாக்கில் விதியை மாற்றினார். எதிர்த்தரப்புத் தலைவர் மிட்ச் மெக்கானல், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே இதற்காக வருந்துவீர்கள் என்று எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை பலித்தது. 2016 பிப்ரவரியில் ஸ்கலியா இறந்தார். ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். ஸ்ரீநிவாசன் அமர்ந்த அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அவர். ஸ்ரீநிவாசனின் பெயரும் அப்போது பரிசீலனையில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. தேர்தல் ஆண்டில் மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லி, அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவராகிவிட்ட மெக்கானல், கார்லண்டை விசாரணைக்குக்கூட அழைக்காமல் 293 நாள் காத்திருக்க வைத்தார். டிரம்ப் வென்றதும் நீல் கோர்சச் அந்த இடத்துக்கு வந்தார். அவருக்காக 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கும் 60 என்ற வேலி அகற்றப்பட்டது.

2020-இல் கின்ஸ்பர்க் செப்டம்பர் 18 அன்று இறந்தார். தேர்தல் நவம்பர் 3. இந்த முறை காத்திருப்பு எதுவும் இல்லை; அக்டோபர் 26 அன்று பேரட் தேறிவிட்டார். அதிபரும் செனட்டும் ஒரே கட்சி, எனவே 2016 நிலைமை வேறு, இது வேறு என்றார்கள் குடியரசுக் கட்சியினர். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் அவர்கள் மக்களிடம் முன்வைத்த வாதம் தேர்தல் ஆண்டு என்பதுதான். ஜனநாயகக் கட்சியினரும் முதல் கல்லை எறியும் தகுதியை 2013-இலேயே இழந்துவிட்டார்கள். ஒருவர் செய்த தவறு அடுத்தவருக்கு முன்னுதாரணமாகிறது. அடுத்தவர் அதைவிட ஒரு படி மேலே போகிறார்.

பணம் நுழையும் வாசல்கள்

நீதிபதியாக முன்மொழியப்பட்டவர் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை. நன்கொடை கேட்க வேண்டியவர் அவருக்கு வாக்களிக்கும் செனட்டர். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அவர் மக்களிடம் போயாக வேண்டும். 2020 தேர்தலில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு அதிகபட்சம் 2,800 டாலர்தான் தரலாம் என்பது விதி. (கிரீன் கார்டு இருந்தால் தரலாம், எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. அங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள்.) எனவே செனட்டருக்கு ஆயிரக்கணக்கான சிறு நன்கொடையாளர்கள் வேண்டும். சாலை, பாலம், வரி விகிதம் பற்றி எழுதினால் அவர்கள் பணப்பையைத் திறப்பது கடினம். நாளை உச்ச நீதிமன்றம் கைவிட்டுப் போகப்போகிறது என்று எழுதினால் அன்றிரவே திறப்பார்கள்.

கின்ஸ்பர்க் இறந்த செய்தி வந்த 28 மணி நேரத்தில் ஜனநாயகக் கட்சித் தரப்பின் இணைய நிதித் தளமான ஆக்ட்புளூ வழியாக 9 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. ஒருவர் இறந்திருக்கிறார், இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் துக்கத்தோடும் பயத்தோடும்தான் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் துக்கமும் பயமும் நிதியாக மாறும் வேகத்தைப் பார்த்த எந்தக் கட்சி அடுத்த முறை நிதானமாகப் பேசும்? பேரட் நியமனத்தை நடத்திய நீதித்துறைக் குழுவின் தலைவர் லிண்ட்சே கிரஹாம் தென் கரோலினாவில் தேர்தலைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அவரை எதிர்த்த ஜேமி ஹாரிசன் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மூன்று மாதத்தில் 5 கோடியே 70 லட்சம் டாலர் திரட்டினார். செனட் வேட்பாளர் எவரும் அதுவரை ஒரு காலாண்டில் அவ்வளவு திரட்டியதில்லை. இருந்தும் கிரஹாம் வென்றார்.

சூசன் காலின்ஸ் விவகாரம் இதைவிடக் கூர்மையானது. 2018-இல் பிரெட் கவனாவின் நியமனம் வந்தபோது மேய்ன் மாநில செனட்டரான அவர் எப்படி வாக்களிப்பார் என்பது தெரியவில்லை. அவரை எதிர்த்தவர்கள் இணையத்தில் ஒரு நிதி தொடங்கினார்கள். கவனாவுக்கு அவர் ஆதரவாக வாக்களித்தால், 2020-இல் அவரை எதிர்த்து நிற்கப்போகும் வேட்பாளருக்கு அந்தப் பணம் போகும். எதிர்த்து வாக்களித்தால் யாருடைய கார்டிலிருந்தும் பணம் எடுக்கப்படாது. பல லட்சம் டாலர் வாக்குறுதியாகக் குவிந்தது. இது என்னை விலைக்கு வாங்கும் முயற்சி என்று காலின்ஸ் சாடினார். ஆதரவாகவே வாக்களித்தார். 2020-இல் வெற்றியும் பெற்றார்.

அப்படியென்றால் பணம் எதையும் சாதிக்கவில்லையே என்று கேட்கலாம். தேர்தல் முடிவை அது மாற்றவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு நீதிபதியைப் பற்றிய வாக்குக்கு நேராக ஒரு தொகை எழுதி வைக்கப்பட்டதே, அதுதான் எனக்குக் கவலை. அடுத்த முறை வேறொரு செனட்டர், காலின்ஸ் அளவுக்கு மாநிலத்தில் வேரூன்றாதவர், அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் நீதிபதியின் தகுதியைப் பார்ப்பார்.

இவையெல்லாம் கணக்கில் வரும் பணம். பெயர் தெரியாத பணம் தனி. இதை நம்மூர்க் கறுப்புப் பணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டப்படி, வங்கி வழியாகவே வரும். ஆனால் அது வேட்பாளருக்குப் போகாமல் சமூகநல அமைப்பு என்று பதிவு செய்த ஒரு குழுவுக்குப் போகும். அந்தக் குழு தனக்குக் கொடுத்தவர்களின் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜுடிஷியல் கிரைசிஸ் நெட்வொர்க் என்ற பழமைவாத அமைப்பு கார்லண்டைத் தடுக்க 70 லட்சம் டாலர் செலவிட்டது. கோர்சச்சை ஆதரிக்க 1 கோடி டாலர் பிரசாரம் அறிவித்தது. அந்தக் காலத்து வரிக் கணக்கில் ஒரே நன்கொடையாக 1 கோடியே 79 லட்சம் டாலர் வந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் இல்லை. ஒரு நீதிபதியின் நியமனத்துக்காக அவ்வளவு கொடுத்தவருக்கு நாளை அந்த நீதிபதியிடம் வழக்கு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2018-இல் ஜனநாயகக் கட்சித் தரப்பிலும் டிமாண்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு இதே வேலைக்காகத் தொடங்கப்பட்டது.

ஆனால் இரண்டு தரப்பும் சம அளவு என்று சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. பழமைவாதத் தரப்பு இதைப் பல ஆண்டு திட்டமாகக் கட்டியது. ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற வழக்கறிஞர் அமைப்பு 1982 முதல் இயங்குகிறது. அதன் முக்கியப் புள்ளியான லியனார்ட் லியோ, டிரம்ப் 2016-இல் வெளியிட்ட நீதிபதிப் பட்டியல்கள் உருவாகப் பெரிதும் உதவியவர். சிகாகோ தொழிலதிபர் பாரி சைட் தம் நிறுவனத்தின் பங்குகளையே லியோ நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்ததாகவும் அதன் மதிப்பு 160 கோடி டாலர் என்றும் 2022-இல் தெரியவந்தது.

மாநிலங்களில் திரையே இல்லை

மேலே சொன்னதெல்லாம் மத்திய நீதிமன்றங்கள். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை தங்கள் நீதிபதிகளை ஏதோ ஒரு வகைத் தேர்தலுக்கு நிறுத்துகின்றன. அங்கே நீதிபதியே வேட்பாளர்.

மேற்கு வர்ஜீனியாவில் மாஸி என்ற நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்குள் 2004 தேர்தல் வந்தது. நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் பிரென்ட் பெஞ்சமின் என்ற வேட்பாளருக்கு ஆதரவாகச் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் வென்றார். வழக்கிலிருந்து விலக மறுத்து, அமர்ந்து கேட்டார். நிறுவனத்துக்குச் சாதகமாக 3-2 தீர்ப்பு. அந்த மூவரில் அவர் ஒருவர். 2009-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதைச் சொல்வதிலும் ஒன்பது பேரில் நான்கு பேர் உடன்படவில்லை.

விஸ்கான்சினில் 2023-இல் ஒரே ஒரு மாநில நீதிபதி இடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2025 ஏப்ரலில் சுமார் 10 கோடி. எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் மட்டும் 2 கோடிக்கு மேல் இறக்கினார்கள். எதிர்ப்பக்கம் ஜார்ஜ் சோரோஸ் போன்றவர்களின் பணம் கட்சி வழியே வந்தது. மஸ்க் ஆதரித்தவர் தோற்றார், சூசன் கிராஃபோர்டு வென்றார்.

சுற்றி வரும் வட்டம்

இதுவரை பணம் நீதிபதிகளை நோக்கிப் போவதைப் பார்த்தோம். நீதிபதிகளிடமிருந்து பணத்துக்குத் திரும்பி வருவதும் ஒன்று இருக்கிறது. தேர்தலில் எவ்வளவு பணம், யாருடைய பணம் வரலாம் என்ற சட்டம் செல்லுமா என்று முடிவு செய்வது அதே உச்ச நீதிமன்றம்தான்.

2002-இல் ஜான் மெக்கெய்ன், ரஸ் ஃபைன்கோல்டு என்ற இரு செனட்டர்கள், கட்சிக்கு ஒருவராக நின்று, தேர்தல் பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முதல் பெயர் மிட்ச் மெக்கானல். பின்னாளில் கார்லண்டைக் காக்க வைத்த அதே மெக்கானல். தேர்தல் செலவுக் கட்டுப்பாடு பேச்சுரிமையைப் பறிக்கிறது என்பது அவருடைய நீண்டகால நம்பிக்கை. அதை அவர் மறைத்ததும் இல்லை. 2003 டிசம்பரில் அவர் தோற்றார். சட்டத்தின் முக்கியப் பகுதிகள் செல்லும் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு. ஆறே ஆண்டு கழித்து, 2010 ஜனவரியில், சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அதே நீதிமன்றம் அதே 5-4 கணக்கில் தன் பழைய தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்தது. வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செலவிடும்வரை, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றது. அந்த ஐந்தில் ஒருவர் ஸ்கலியா. 2016-இல் அவர் இடத்துக்கு வந்திருந்தால் கார்லண்ட் எப்படித் தீர்ப்பு எழுதியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் காலியானபோது மெக்கானலுக்கு எது பணயத்தில் இருந்தது என்பது தெளிவு.

2003-க்கும் 2010-க்கும் இடையில் அரசமைப்பு மாறவில்லை. இந்தக் கேள்வியில் கணக்கை மாற்றியது ஒரே ஓர் இடம். 2003 தீர்ப்பை இருவர் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் சாண்ட்ரா டே ஓ'கானர். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1981-இல் 99-0 என்று தேறியவர். அரிசோனாவில் சட்டமன்ற உறுப்பினராகவும், பிறகு தேர்தலில் நின்று மாநில நீதிபதியாகவும் இருந்தவர். வாக்குக் கேட்கப் போவது என்றால் என்ன, நன்கொடை கொடுத்தவரின் முகம் மனத்தில் எப்படி நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு ஏட்டறிவு இல்லை. ஓய்வுக்குப் பிறகு, நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்தாதீர்கள் என்று மாநிலம் மாநிலமாகப் பேசிவந்தார்.

2005-இல் அவர் விலகுவதாக அறிவித்தார். கணவருக்கு அல்சைமர் நோய். உடனிருந்து கவனித்துக்கொள்ள விரும்பினார். 2006 ஜனவரி 31 அன்று செனட் 58-42 வாக்கில் சாமுவேல் அலிட்டோவை அவர் இடத்துக்கு அனுப்பியது. 2010 தீர்ப்பின் ஐந்தாவது கை அலிட்டோவுடையது.